சதுர அடி ரேட்டில் கிரீன் பில்டிங் கட்ட முடியுமா? மதுரைப் பக்கம் கட்டியவர்கள் சொல்லுங்கள்

ஊமச்சிகுளத்தான் கேட்டது:

வணக்கம். மதுரையில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். அப்பா கொத்தனார், நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு அவரோடே சேர்ந்துகொண்டேன். எல்லாம் சதுர அடி ரேட் வேலைதான். ஐ.டி. பார்க், ஆஸ்பத்திரி என்று பெரிய கட்டடங்களை எப்படிப் பசுமையாகக் கட்டுகிறார்கள் என்று படிக்க நிறைய இருக்கிறது. அதில் பாதி எனக்கு உதவாது. ஒரு மேஸ்திரி, நாலைந்து கொத்தனார், சித்தாள், நிமிந்தாள் வைத்து வேலை பார்க்கிறவன் என்ன செய்ய முடியும் என்பதுதான் என் கேள்வி.

இப்போது ஊமச்சிகுளம் தாண்டி ஒரு வேலை. நாலு சென்ட் மனை, மேற்குப் பார்த்த வாசல், தரைத்தளம் மட்டும், ஆயிரம் சதுர அடி. ஓனர் பள்ளிக்கூட வாத்தியார். அக்ரிமெண்ட் போட வந்தவர், "கிரீன் பில்டிங்கா கட்டிக் குடுங்க, சர்டிபிகேட்டும் வாங்கிரலாம்" என்றார். சரி சார் என்றேன். அடுத்த வார்த்தை, "ரேட்டு மட்டும் ஏறக் கூடாது."

மேஸ்திரியிடம் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) என்று வாயெடுத்தேன். "அதுல ஆணி நிக்காது, ரெண்டாவது வருஷம் விரிசல் கோடு விழும், நான் தொடமாட்டேன்" என்கிறார். அனல் மின் நிலையச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல் என்றால் பூச்சு பிடிக்காதாம். அப்பாவுக்கு வேறு கவலை. ரூஃபுக்குச் சாம்பல் கலந்த சிமெண்ட் ஆகவே ஆகாது, 53 கிரேடு சாதா சிமெண்டுதான் என்கிறார். படித்தவன் நான் என்றாலும் சிமெண்ட் விஷயத்தில் ஓனர், என் அப்பா பேச்சைத்தான் கேட்பார். அது வேறு கதை.

எங்கே ஆரம்பிப்பது? இருக்கிற ரேட்டுக்குள் எது நடக்கும், எதற்குத் தனியாகக் காசு கேட்கலாம்? மதுரை வெயிலுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிற வேலை எது? கட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. பிளாக் விற்கிறவர்கள் தயவுசெய்து போன் நம்பர் போட வேண்டாம்.

கரணை (திருமங்கலம்) எழுதியது:

தம்பி, வாத்தியாருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். சர்டிபிகேட்டை ஹாலில் மாட்ட வேண்டுமா, மே மாதம் மத்தியானம் ஹாலில் உட்கார வேண்டுமா? இரண்டாவது என்றால் கல்லைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரூஃபில் ஆரம்பியுங்கள்.

ஏன் என்றால், தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் நாள் முழுக்க வெயில் வாங்குவது ரூஃப்தான். மதுரையில் சித்திரை பிறக்கும் வாரத்தில் உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் லேசாக வடக்கே சாய்ந்துதான் விழும். அதனால் வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது டெல்லிக்காரர்கள் கணக்கு. ஐந்து அங்குல கான்கிரீட் அந்த வெயிலைப் பகல் முழுக்கக் குடித்துவிட்டு இரவில் கக்கும். பத்து மணிக்கு ஃபேனைப் போட்டால் சூட்டுக் காற்றைக் கீழே தள்ளுவது இதனால்தான். சுவரை என்ன கல்லில் கட்டினாலும் இது மாறாது.

எங்கள் காலத்து வழி, மொட்டை மாடிக் கான்கிரீட்டுக்கு மேலே போடும் சுர்க்கித் தளம். செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்கு, நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு. வாட்டம் வைத்துப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை எகிறும் வரை அடி என்பார்கள். தளம் இறுகி வந்தால் கட்டை கையில் துள்ளும், சத்தமும் மாறும். அதன் மேல் தட்டோடு பதித்து, இடுக்கை நன்றாக அடைத்துவிட்டால் தண்ணீரும் இறங்காது, சூடும் மெதுவாகத்தான் இறங்கும். இப்போது பல இடத்தில் அதே ஜல்லியில் சிமெண்டைக் கொட்டி ஒரே நாளில் முடித்துவிட்டு அதையும் வெதரிங் கோர்ஸ் என்கிறார்கள். அது காய்ந்ததும் வெடிக்கும். சுண்ணாம்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் வெள்ளைக் கூல் டைல்ஸ் போடுங்கள். காசு இல்லை என்றால் சுண்ணாம்பை வடிகட்டி ஃபெவிகால் கலந்து பங்குனியில் மொட்டை மாடிக்கு இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெயில் உள்ளே வந்தபிறகு விரட்டுவதைவிட மேலேயே திருப்பி அனுப்புவது மலிவு.

அடுத்தது மேற்கு. உங்கள் மனைக்கு வாசலே மேற்கு. சாய்ந்த வெயிலுக்கு சன்ஷேட் ஒன்றும் செய்யாது, அடியில் நுழைந்து வரும். படிக்கட்டு, பாத்ரூம், சாமான் அறை இவற்றை மேற்கே ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். ஆனால் முடியாது, எனக்குத் தெரியும். கன்னி மூலையில் மாஸ்டர் பெட்ரூம் வேண்டும் என்பார்கள். தென்மேற்கு! வீட்டிலேயே அதிகம் காயும் மூலையைப் பார்த்துப் படுக்கையறை வைத்துவிட்டு, அதற்கு ஏ.சி. மாட்டிவிட்டு, கிரீன் பில்டிங் கேட்பார்கள். வாஸ்துவோடு சண்டை போட்டு நான் ஜெயித்ததில்லை. அதனால் அந்த அறையின் மேற்குச் சுவர் முழுக்க கப்போர்டு வைத்துவிடுவேன். துணியும் பீரோவும் நடுவில் நின்றால் சுவரின் சூடு கட்டிலுக்கு நேரே வராது. ஜன்னலைத் தெற்கில் வைப்பேன். வெளியே ஒரு வேம்போ புங்கையோ நட இடம் விடச் சொல்வேன். ஆடிக் காற்றும் மேற்கேயிருந்துதான் வரும் என்பதால் ஹால் பக்கம் மேற்கை அடைக்கக் கூடாது. அங்கே ஜாலி (ஓட்டை விட்ட தடுப்பு) வைத்துக் காற்றை விட்டு வெயிலை மட்டும் உடைக்கலாம்.

இப்போது உங்கள் மேஸ்திரி. ஆணி நிற்காது என்பது சாக்கு, அவர் பயம் ரேட். சதுர அடிக்கு லேபர் பேசியிருப்பீர்கள். கை பழகாத கல்லைக் கட்டினால் முதல் வாரம் பாதி வேலைதான் ஓடும், நஷ்டம் அவர் தலையில். நான் செய்வது இது: புதுப் பொருள் எது வந்தாலும் முதல் அறைக்கு நாள் சம்பளம், கை பழகிய பிறகு பழைய ரேட். ஏ.ஏ.சி. கல் ஒன்று எட்டுப் பத்து செங்கல் இடத்தை அடைக்கும். பழகிவிட்டால் சுவர் சீக்கிரம் ஏறும், லாபம் அவருக்குத்தான். அது தெரிந்ததும் அவரே அடுத்த வேலைக்கு அந்தக் கல்லைக் கேட்பார்.

கோடு விழுவது உண்மைதான். செங்கல் கட்டுகிற மாதிரியே கட்டினால் விழும். கல்லைத் தொட்டியில் ஊறப் போடக் கூடாது, மேலாகத் தண்ணீர் தெளித்தால் போதும். அரை அங்குலக் கலவைக்குப் பதில் அதற்கென்று விற்கும் பசையை மூன்று மில்லிமீட்டருக்கு இழுக்க வேண்டும். கான்கிரீட் தூணும் கல்லும் சேரும் இடத்தில் கோழி வலை அடித்துவிட்டுப் பூச வேண்டும். ஆணிக்குப் பதில் அதற்கான ஃபாஸ்ட்னர் இருக்கிறது, டிவியே மாட்டலாம்.

ஆனால் உங்கள் வேலைக்கு நான் முழு வீட்டையும் ஏ.ஏ.சி.யில் கட்டச் சொல்லமாட்டேன். மேற்கும் தெற்கும் ஏ.ஏ.சி., மற்றது சாம்பல் கல். சாம்பல் கல்லில் பூச்சு பிடிக்காது என்பது வழவழப்பான கல்லை வாங்குவதால் வருவது. லோடு இறங்கும்போதே ஒரு கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, மறுபடி எடைபோடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் லாரியைத் திருப்புங்கள். காய்கறித் தராசு போதும். ஈரம் காயாத, இரண்டு நாள் முன்னால் அச்சிலிருந்து எடுத்த கல்லை அனுப்பும் யூனிட்டுகளும் இருக்கின்றன. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் மாவாக உதிரும். அதையும் திருப்புங்கள்.

தூண்நிழல் எழுதியது:

ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறேன். கரணை அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: சுர்க்கித் தளம் போடுவதாக இருந்தால் டிசைன் செய்பவரிடம் முன்பே சொல்லுங்கள். அந்த எடை ஸ்லாப் கணக்கில் வர வேண்டும். ஏ.ஏ.சி. அதற்கு நேர் எதிர். செங்கல் சுவர் கன மீட்டருக்கு 1,800 கிலோ பக்கம் என்றால் இது 600 கிலோ பக்கம். ஆனால் அதைக் கடைசி நேரத்தில் மாற்றினால் கம்பியில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. டிசைனுக்கு முன்பே முடிவு செய்தால்தான் பலன்.

உங்கள் அப்பாவின் சிமெண்ட் கவலைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. பி.பி.சி. என்கிற சாம்பல் கலந்த சிமெண்டில், இந்தியத் தர விதி ஐ.எஸ். 1489 படி 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கும். நம் பக்கம் தூத்துக்குடி அனல் மின் நிலையம் இருப்பதால் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. இந்த சிமெண்ட் இறுகுவதற்கு நேரம் எடுக்கும், ஆனால் இறுகியபின் வீட்டு ரூஃபுக்கு வேண்டிய எம்-20, எம்-25 கான்கிரீட் வலிமை எல்லாம் தாராளமாக வரும். இறுகும்போது கிளம்பும் சூடும் குறைவு, நம் வெயிலுக்கு அதுவும் நல்லது. பிரச்சினை சிமெண்டில் இல்லை, இறுகும் வரை ரூஃபைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை, முட்டு வாடகையில் இருக்கிறது. நாலரை மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு முட்டு ஏழு நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள் என்று ஐ.எஸ். 456 சொல்வது சாதா சிமெண்டுக்கு. அதே கணக்கில் பி.பி.சி. ரூஃபின் முட்டைப் பிரித்தால் அப்பா பயப்படுவது நியாயம். இன்னும் சில நாள் கூட விடுங்கள். தண்ணீர் ஊற்றி நனைக்கும் கியூரிங்கும் ஏழு நாள் இல்லை, குறைந்தது பத்து நாள். இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தால் அப்பாவும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று வாத்தியார் கேட்டால் இதைச் சொல்லுங்கள். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, எரிக்கும் நிலக்கரியிலிருந்து மட்டுமல்ல, கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிந்து வருகிறது. ஆலையை எத்தனை நவீனமாக்கினாலும் கல்லிலிருந்து வருவதை நிறுத்த முடியாது. ஒரு மூட்டையில் கிளிங்கரை (அப்படிச் சுட்டெடுத்த பொருளை) குறைத்து அந்த இடத்தில் சாம்பலைப் போடுவதுதான் காண்டிராக்டர் கையில் இருக்கும் வழி, அதுவும் முட்டு வாடகை தவிரக் கூடுதல் செலவில்லாத வழி. உங்கள் ரேட்டுக்குள்ளேயே முடிகிற கிரீன் வேலை இதுதான்.

சர்டிபிகேட் பற்றிச் சுருக்கமாக. சி.ஐ.ஐ. என்ற தொழில் கூட்டமைப்பு 2001-இல் ஆரம்பித்த ஐ.ஜி.பி.சி. என்ற பசுமைக் கட்டட அமைப்பில் தனி வீட்டுக்கு 'நெஸ்ட்' என்று ஒரு ரேட்டிங் உண்டு. கிரிஹா என்ற இன்னொரு ரேட்டிங்கில் 2,500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு 'ஸ்வாகிரிஹா'. மூன்றாவது ரேட்டிங்கான 'எட்ஜ்' என்றால் மின்சாரம், தண்ணீர், பொருள் தயாரிப்பின் பாதிப்பு மூன்றையும் குறைந்தது 20 சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டும். மூன்றுக்கும் கட்டணமும் காகித வேலையும் உண்டு. வாடகைக்கோ விற்கவோ கட்டுகிறவர்களுக்கு அது பயன்படும். குடியிருக்கப் போகும் வாத்தியாருக்கு அந்தக் காசை ரூஃபில் போடச் சொல்வேன்.

வைகை வடகரை எழுதியது:

மாடியில் சோலார் போட்டால் ரூஃபுக்கு நிழலும் ஆச்சு, கரண்டும் ஆச்சு. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இப்போது வாங்காவிட்டாலும் வயர் போகும் பைப்பை மட்டும் ரூஃபிலிருந்து மீட்டர் வரை இப்போதே புதைத்துவிடுங்கள். பிறகு சுவரைக் கொத்துவது கொடுமை.

தூண்நிழல் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், தண்ணீர் டேங்க் நிழல் விழாத இடமாகவும் இருக்க வேண்டும். டேங்கை வடக்கே தள்ளி வையுங்கள். அப்புறம் பேனலுக்கு அடியில் ஆள் நுழையும் உயரம் விடாவிட்டால் வெள்ளையடிக்க முடியாது.

திருநகர் வீட்டம்மா எழுதியது:

நான் கட்டுகிறவள் இல்லை, கட்டிய வீட்டில் இருக்கிறவள். ஓனர் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே.

எங்கள் வீட்டுக்குக் காண்டிராக்டர் வைத்துக் கொடுத்த மழைநீர் சேகரிப்பு என்ன தெரியுமா? மாடியிலிருந்து ஒரு பி.வி.சி. பைப், கீழே மூன்றடிக் குழி, அதில் கொஞ்சம் ஜல்லி. 2003-இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியதிலிருந்து பிளானில் காட்ட வேண்டியிருக்கிறது, காட்டினார்கள். எங்கள் மண்ணோ கரிசல். முதல் பெரிய மழைக்குக் குழி நிரம்பி, தண்ணீர் வாசலுக்குத்தான் வந்தது. களிமண்ணில் குழி வெட்டினால் அது கிணறு மாதிரி நிற்கும், உறிஞ்சாது என்பது சமையல்கட்டில் நிற்கிற எனக்கே தெரிகிறது. பிறகு நாங்களாகவே களியைத் தாண்டி அடியில் சரளை வரும் வரை துளை போட்டு உறை இறக்கினோம். இப்போது நிற்பதில்லை.

அதைவிட நல்ல வேலை சம்ப். மாடித் தண்ணீரை மண்ணுக்கு விடுவதற்கு முன்னால் ஒரு தொட்டியில் பிடித்துக்கொண்டோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். மதுரையில் வருடத்துக்கு 85 சென்டிமீட்டர் பக்கம் பெய்கிறது, அதில் பாதிக்குப் பாதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டித்தான். முதல் மழையின் அழுக்கு வெளியே போக ஒரு வால்வு, அப்புறம் வலை, அப்புறம் கரியும் மணலும். போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது, குக்கரில் அடிப்பிடிக்கும். மழைத் தண்ணீரில் குழைந்துவிடும். கெய்சரில் உப்புப் படிவதும் நின்றது.

காண்டிராக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பைக் கடைசியில் கட்டாதீர்கள். முதலில் கட்டிவிட்டால் வேலை நடக்கும்போதே மழை பிடித்துக் கியூரிங்குக்கு ஊற்றலாமே. எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வாங்கிச் சுவருக்கு ஊற்றி, அது ரோட்டில் ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கரணை எழுதியது:

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. சம்பை முதலில் கட்டுவது எனக்கும் வழக்கம், ஆனால் ஓனர் சம்மதிக்க வேண்டும். முதல் தவணைக் காசு பேஸ்மெண்டாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார்கள், மண்ணுக்கு அடியில் போனால் முகம் சுருங்கும். சுவருக்குச் சாக்குக் கட்டி நனைத்தால் பாதித் தண்ணீர் போதும். ரூஃபுக்குப் பாத்தி கட்டுங்கள், ஹோஸ் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று, இடித்த வீட்டுச் செங்கல். மதுரையில் பழைய வீடு இடிக்கிற இடமெல்லாம் கட்டட இடிபாடு ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க் கரையில் இறங்குகிறது. அதற்கு 2016-லேயே தனி விதி வந்துவிட்டது, லாரிக்காரருக்குத்தான் தெரியாது. நல்ல சூளைச் செங்கல் என்றால் சுண்ணாம்பு ஒட்டியதைத் தட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவருக்கு வைக்கலாம். உடைந்ததுதான் சுர்க்கித் தளத்துக்கு ஜல்லி. மிச்சம் பேஸ்மெண்ட் நிரப்ப. நான் காசு கொடுத்து ஜல்லி உடைத்து ரொம்ப நாளாகிறது.

ஊமச்சிகுளத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியாரிடம் உட்கார்ந்து பேசினேன். சர்டிபிகேட் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், கட்டணம் என்றதும். பி.பி.சி. சரி. முட்டு நாளைக் கூட்டுவதாக எழுதிக் காட்டியதும் அப்பா பேசாமல் இருக்கிறார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம். கன்னி மூலையில் கப்போர்டு என்றதும் வாத்தியார் வீட்டம்மாதான் முதலில் சரி என்றார், கூடுதலாகக் கப்போர்டு கிடைக்கிறதே. மேஸ்திரிக்கு முதல் அறை நாள் சம்பளம் பேசிவிட்டேன். இன்னும் முணுமுணுக்கிறார், ஆனால் பசை எங்கே கிடைக்கும் என்று அவரே விசாரித்திருக்கிறார்.

இப்போது சிக்கல் ரேட்டில்தான். சுர்க்கித் தளம், சம்ப், மேற்குச் சுவர் மூன்றையும் சதுர அடி ரேட்டிலேயே ஏற்றிச் சொன்னால் பக்கத்து காண்டிராக்டரைவிட நான் அதிகம் என்று தெரியும், வேலை கைவிட்டுப் போகும். எப்படி எழுதுகிறீர்கள்?

கரணை எழுதியது:

ரேட்டைத் தொடாதீர்கள். எல்லோரும் சொல்லும் ரேட்டையே சொல்லுங்கள், அது சாதாரண வீட்டுக்கு. அதற்குக் கீழே தனித் தாளில் இரண்டு பக்கமும் எழுதுங்கள். கூடுவது ஒரு பக்கம்: தளம், சம்ப், ஏ.ஏ.சி. சுவர். குறைவது மறுபக்கம், இதைத்தான் யாரும் எழுதுவதில்லை: எலிவேஷனுக்கு (முகப்புக்கு) ஒட்டும் வெளிநாட்டு டைல்ஸ் வேண்டாம், ஹாலில் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், உள்சுவரில் வழவழப்புக்குப் பூசும் மூன்று கோட் பட்டி வேண்டாம், மேற்கே இருக்கும் பெரிய கண்ணாடி ஜன்னல் வேண்டாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ரொம்பத் தள்ளி இருக்காது. எதை வைத்துக்கொள்வது என்று அவரே டிக் போடட்டும், கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எலிவேஷனை மட்டும் சீக்கிரம் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதற்கு ஒரு வழி: முன்பக்கச் சுவரைப் பூசாமல் நல்ல சேம்பர் செங்கல்லில் கட்டி, இடுக்கை மட்டும் கலவையால் அடைத்துப் பாயிண்டிங் செய்து விடுங்கள். மானாமதுரைப் பக்கம் கிடைக்கிறது, ஒரே அளவாக இருக்கும். கேரளாவில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய எலிப்பொறிக் கட்டு தெரியுமல்லவா, செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விடுவது. அதில் கட்டினால் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், நடுவில் நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். உங்கள் வாசல் மேற்குதானே, முன்சுவருக்கு ஏ.ஏ.சி.யை எடுத்துவிட்டு இதையே வைக்கலாம். அதற்கு மட்டும் உங்கள் அப்பாவையே கரணை பிடிக்கச் சொல்லுங்கள், மேஸ்திரி கையில் விட வேண்டாம். பூச்சு மறைக்காது என்பதால் ஒவ்வொரு வரியும் ரசமட்டத்துக்கு நிற்க வேண்டும்.

சுண்ணாம்புத் தளம் அடிக்க ஆள் வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள். செக்கானூரணிப் பக்கம் ஒரு செட் இருக்கிறது, ஆனால் தைப்பொங்கலுக்கு முன்னால் வரமாட்டார்கள்.